பிணைய நூலகங்களில் இணைப்பு மேலாண்மையும் பிழை அறிவித்தலும்

பிணைய நூலகம் என்பது, ஒரு நிரல் இணையம் வழியாக இன்னொரு கணினியுடன் பேசுவதற்குத் தேவையான வேலைகளைச் செய்து தரும் நிரல் தொகுப்பு ஆகும். பெயரைக் கொண்டு முகவரியைக் கண்டறிதல், இணைப்பை ஏற்படுத்துதல், கோரிக்கையை அனுப்புதல், பதிலைப் பெறுதல், பின்னர் இணைப்பை மூடுதல் அல்லது அடுத்த கோரிக்கைக்காகத் திறந்தே வைத்திருத்தல் ஆகியவை அதன் பணிகள். சி மொழியில் எழுதப்பட்ட லிப்கர்ல், பைத்தானுடன் வரும் எச்டிடிபி.கிளையன்ட், அதன்மேல் கட்டப்பட்ட யுஆர்எல்லிப்3, கோ மொழியின் நெட்/எச்டிடிபி ஆகியவை பரவலாகப் பயன்படும் பிணைய நூலகங்கள்.

எல்லாம் சரியாக நடக்கும்போது இவற்றிடையே பெரிய வேறுபாடு தெரியாது. வேறுபாடு தெரிவது இணைப்பு முறியும்போதுதான். ஒரு மாணவர் கைப்பேசிச் செயலி வழியாக 1,500 ரூபாய் தேர்வுக் கட்டணம் செலுத்துகிறார் என்று கொள்வோம். கோரிக்கை போய்க்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுபடுகிறது. நூலகம் செயலியிடம் ‘இணைப்புப் பிழை’ என்று மட்டும் சொல்கிறது. செயலி இப்போது என்ன செய்ய வேண்டும்? மீண்டும் அனுப்பினால் 3,000 ரூபாய் போய்விடக்கூடும். அனுப்பாமல் விட்டால் கட்டணமே கட்டப்படாமல் கடைசி நாள் கடந்துவிடலாம். இந்தக் கேள்விக்கு விடை காண உதவும் தகவலில் பெரும்பகுதி நூலகத்தின் கையில் இருந்தது. அதை அது வெளியே சொல்லவில்லை. இணைப்பைக் கையாளும் பகுதியும் பிழையை அறிவிக்கும் பகுதியும் வெவ்வேறு வேலைகள்போலத் தோன்றினாலும், ஒன்றைச் சரிசெய்யாமல் மற்றதைச் சரிசெய்ய முடியாததற்கு இதுவே காரணம்.

இணைப்பு என்பது என்ன?

டிசிபி இணைப்பு என்றதும் இரு கணினிகளுக்கு இடையே கட்டிய கம்பி ஒன்று மனத்தில் தோன்றும். அப்படி எதுவும் இல்லை. 1981இல் வெளியான ஆர்.எஃப்.சி 793 ஆவணமும், 2022இல் அதன் இடத்துக்கு வந்த ஆர்.எஃப்.சி 9293உம் விவரிக்கும் இணைப்பு, இரு முனைகளிலும் தனித்தனியே வைக்கப்பட்டிருக்கும் நினைவுக் குறிப்புதான். இரண்டு வணிகர்கள் தத்தம் பேரேட்டில் மற்றவர் பெயரில் பக்கம் ஒதுக்கி வைத்திருப்பதைப் போன்றது அது. ஒருவர் கடையை மூடிவிட்டு ஊரை விட்டுப் போனாலும் மற்றவர் பேரேட்டில் அந்தப் பக்கம் அப்படியே இருக்கும்.

ஒரு முனை முறையாக விலகும்போது ‘ஃபின்’ என்னும் குறி தாங்கிய பொதியை அனுப்பும். திடீரென முறித்துக்கொள்ளும்போது ‘ஆர்எஸ்டி’ குறி தாங்கிய பொதி வரும். இந்த இரண்டும் நல்ல செய்திகள், ஏனெனில் ஏதோ ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. மூன்றாவது வகைதான் தொல்லை. எதிர்முனையில் மின்சாரம் போய்விட்டது, அல்லது நடுவில் உள்ள ரவுட்டர் இந்த இணைப்பை மறந்துவிட்டது. அப்போது எந்தப் பொதியும் வராது. இறந்த இணைப்பும் சும்மா இருக்கும் இணைப்பும் இந்த முனையிலிருந்து பார்த்தால் ஒன்றேபோல் இருக்கும்.

இதைக் கண்டறிய டிசிபியிலேயே ‘கீப் அலைவ்’ என்னும் சோதனைப் பொதி வசதி உண்டு. ஆனால் 1989இல் வந்த ஆர்.எஃப்.சி 1122, அது இயல்பாக அணைந்தே இருக்க வேண்டும் என்றும், இயக்கினாலும் சோதனைக்கு முந்தைய இடைவெளி இயல்பில் 2 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது என்றும் வகுத்தது. லினக்ஸ் அதன்படியே 7,200 நொடிகள் காத்திருந்து, பிறகு 75 நொடிக்கு ஒன்றாக 9 சோதனைப் பொதிகளை அனுப்பும். நடுவழியில் உள்ள கருவிகளோ அவ்வளவு பொறுமை உள்ளவை அல்ல. மைக்ரோசாஃப்ட் அசூர் மேகக்கணிமையின் சுமைப்பகிர்வி, அமைப்பை மாற்றாவிட்டால், 4 நிமிடம் சும்மா இருந்த இணைப்பை மறந்துவிடும். 4 நிமிடத்தில் நடந்ததை 2 மணி நேரம் கழித்து விசாரிக்கும் வசதியை நம்பி இருக்க முடியாது. எனவே, இயங்குதளம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடும் நூலகம் தன் கடமையில் பாதியைச் செய்யவில்லை என்றே சொல்ல வேண்டும்.

எழுதும் திசையிலும் இதே கதைதான். அனுப்பிய தரவுக்கு ஒப்புகை வராவிட்டால் லினக்ஸ் கெர்னல் அதை இடைவெளியைக் கூட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப அனுப்பும். இயல்பான அமைப்பில் அது கைவிட்டு நிரலிடம் பிழையைச் சொல்ல ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும். அதற்குள் பயனர் செயலியை மூடிவிட்டுப் போயிருப்பார்.

வைத்திருந்த இணைப்பும் பைத்தான் 3.5 செய்த திருத்தமும்

ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்பை ஏற்படுத்துவது செலவு மிக்கது. டிசிபி கைகுலுக்கலுக்கு ஒரு போய்வரும் நேரம். டிஎல்எஸ் குறியாக்கம் சேர்ந்தால் இன்னும் ஒன்றோ இரண்டோ. எனவே 1997இல் ஆர்.எஃப்.சி 2068 வகுத்த எச்டிடிபி 1.1, ஒரு பதில் முடிந்ததும் இணைப்பை மூடாமல் வைத்திருப்பதையே இயல்பாக்கியது. நூலகங்கள் இப்படித் திறந்திருக்கும் இணைப்புகளை இருப்பில் வைத்து மீண்டும் பயன்படுத்துகின்றன. இதையே கனெக்‌ஷன் பூல் என்பர்.

இங்கே ஒரு போட்டி பிறக்கிறது. சும்மா இருக்கும் இணைப்பை வழங்கி எப்போது வேண்டுமானாலும் மூடலாம். அதற்கு நெறிமுறையே அனுமதி தருகிறது. வழங்கி மூடும் அறிவிப்பை அனுப்பிய அதே நொடியில் நூலகம் அந்த இணைப்பில் புதுக் கோரிக்கையை அனுப்பினால், இரண்டும் வழியில் ஒன்றையொன்று கடந்து போகும். இதில் யார்மேலும் தவறில்லை. ஆனாலும் கோரிக்கை தோற்றுவிடும்.

பைத்தானின் எச்டிடிபி.கிளையன்ட் இந்த நிலையைப் பல ஆண்டுகள் தவறாக அறிவித்து வந்தது. மூடப்பட்ட சாக்கெட்டிலிருந்து படித்தால் 0 பைட் கிடைக்கும். நூலகமோ பதிலின் முதல் வரியான நிலைவரியை எதிர்பார்த்துப் படித்தது. கிடைத்தது வெற்றுச் சரம். ‘நிலைவரி சரியில்லை’ எனப் பொருள்படும் ‘பேட் ஸ்டேட்டஸ் லைன்’ என்ற எக்செப்ஷனை எழுப்பி, அதனுள் வெற்று மேற்கோள் குறிகளை வைத்துத் தந்தது. அதைப் பார்க்கும் நிரலாளர் என்ன நினைப்பார்? வழங்கி ஏதோ குப்பையை அனுப்புகிறது என்றுதான். வழங்கியின் நிரலைத் துருவுவார். அதன் பதிவேட்டைப் பார்ப்பார். அங்கே அந்தக் கோரிக்கையின் சுவடே இருக்காது, ஏனெனில் வழங்கி அதைப் படிக்கவே இல்லை. நோய் ஓரிடம், சூடு போட்டது வேறிடம் என்னும் கதைதான்.

2015இல் வந்த பைத்தான் 3.5 இதைத் திருத்தியது. பதிலுக்காகக் காத்திருக்கும்போது ஒரு பைட் கூட வராமல் இணைப்பு மூடப்பட்டால் ‘ரிமோட் டிஸ்கனெக்டட்’ என்னும் புது எக்செப்ஷன் எழும். எதிர்முனை பதில் தராமலே இணைப்பை மூடிவிட்டது என்பதை அதன் செய்தி வெளிப்படையாகச் சொல்கிறது. இந்தத் திருத்தத்தில் பாராட்ட வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. புது எக்செப்ஷன், இணைப்பு முறிவைக் குறிக்கும் ‘கனெக்‌ஷன் ரீசெட் எரர்’, பழைய ‘பேட் ஸ்டேட்டஸ் லைன்’ ஆகிய இரண்டுக்கும் வாரிசாக அமைக்கப்பட்டது. பழைய பெயரைப் பிடிக்கும்படி எழுதப்பட்டிருந்த நிரல்கள் உடையாமல் ஓடின. புதிதாக எழுதுவோர் உண்மையான காரணத்தைப் பிடிக்க முடிந்தது. கூடவே, இணைப்புப் பிழை எழுந்தால் நூலகம் பழைய சாக்கெட்டை மூடிவிட்டு, அடுத்த கோரிக்கை வரும்போது புதிதாக இணைய ஆயத்தமாக இருக்கும் என்பதும் உறுதி செய்யப்பட்டது. ஆனால் தானாகவே மீண்டும் அனுப்பவில்லை. அந்த முடிவை அழைக்கும் நிரலிடமே விட்டது.

கோ மொழியின் நூலகம் ஒரு படி மேலே போய்த் தானே மறுமுயற்சி செய்கிறது, ஆனால் கண்டிப்பான நிபந்தனைகளுடன். அந்த இணைப்பு ஏற்கெனவே ஒருமுறையாவது வெற்றிகரமாகப் பயன்பட்டிருக்க வேண்டும். கோரிக்கை ‘கெட்’ போன்ற, எத்தனை முறை செய்தாலும் விளைவு மாறாத வகையைச் சேர்ந்திருக்க வேண்டும். கோரிக்கைக்கு உடல் பகுதி இருந்தால் அதை மீண்டும் முதலிலிருந்து எடுக்க வழி இருக்க வேண்டும். ‘ஏற்கெனவே பயன்பட்டிருக்க வேண்டும்’ என்ற நிபந்தனை கவனிக்கத்தக்கது. பழைய இணைப்பு முறிந்தால் மேலே சொன்ன போட்டிதான் காரணம் என்று ஊகிக்க இடமுண்டு. புத்தம்புது இணைப்பே முறிந்தால் வழங்கியில் வேறு ஏதோ கோளாறு. அங்கே மீண்டும் மீண்டும் மோதுவதால் பயனில்லை.

போட்டி நேராமலே தவிர்க்கவும் வழி உண்டு. வழங்கி மூடுவதற்கு முன் நாமே மூடிவிட வேண்டும். லிப்கர்ல் 118 நொடிக்கு மேல் சும்மா இருந்த இணைப்பை இயல்பாக மீண்டும் பயன்படுத்தாது. கோ மொழியின் இயல்பான அமைப்பில் அந்த வரம்பு 90 நொடி. ஆனால் வழங்கியின் வரம்பு அதைவிடக் குறைவாக இருந்தால் இது உதவாது. நோட்.ஜேஎஸ் வழங்கி 2017இல் வந்த 8ஆம் பதிப்பு முதல் நெடுங்காலம் 5 நொடியில் சும்மா இருக்கும் இணைப்பை மூடியது. அமேசான் மேகக்கணிமையின் பயன்பாட்டுச் சுமைப்பகிர்வியோ 60 நொடி வரை இணைப்பை வைத்திருக்கும். இவை இரண்டையும் இயல்பான அமைப்பிலேயே முன்னும் பின்னும் நிறுத்தியவர்கள் அவ்வப்போது காரணம் புரியாத 502 பிழையைச் சந்தித்தார்கள். பின்னால் இருக்கும் வழங்கியின் வரம்பு முன்னால் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதுதான் இதற்குத் தீர்வு.

எந்தக் கட்டத்தில் முறிந்தது?

கட்டணம் செலுத்திய மாணவரிடம் திரும்புவோம். மீண்டும் அனுப்பலாமா என்பது, முறிவு எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்பதைப் பொறுத்தது. பெயரிலிருந்து முகவரி கிடைக்கவில்லை என்றால் கோரிக்கை வெளியே போகவே இல்லை. இணைப்பு மறுக்கப்பட்டாலும், லினக்ஸில் 111ஆம் எண்ணுள்ள பிழை, அப்படியே. இணையும் முயற்சி காலவரம்பைக் கடந்தாலும் அப்படியே. டிஎல்எஸ் கைகுலுக்கல் தோற்றாலும் அப்படியே; டிஎல்எஸ் 1.3இல் உள்ள, கைகுலுக்கல் முடியுமுன்பே தரவு அனுப்பும் வசதியைப் பயன்படுத்தியிருந்தால் மட்டும் விலக்கு. இந்த நான்கிலும் எந்தக் கோரிக்கையையும், கட்டணக் கோரிக்கையைக்கூட, அச்சமின்றி மீண்டும் அனுப்பலாம்.

முதல் பைட் சாக்கெட்டில் எழுதப்பட்ட பிறகு நிலைமை மாறிவிடுகிறது. எழுதுதல் வெற்றி என்று கெர்னல் சொன்னால், தன் நினைவகத்தில் படி எடுத்துக்கொண்டேன் என்பதே அதன் பொருள். எதிர்முனைக்குப் போய்ச் சேர்ந்தது என்று பொருள் அல்ல. அதன்பின் 104ஆம் எண்ணுள்ள ‘எதிர்முனை இணைப்பை முறித்தது’ என்ற பிழையோ, காலவரம்போ வந்தால், வழங்கி கோரிக்கையைச் செயல்படுத்தியதா இல்லையா என்பதை நூலகத்தால் அறியவே முடியாது. எவ்வளவு திறமையாக எழுதினாலும் முடியாது. நம்பகமற்ற வழியில் தூது அனுப்பும் இரு படைத்தலைவர்கள் ஒரே நேரத்தில் தாக்குவதில் உறுதியான உடன்பாட்டுக்கு வரவே முடியாது என்னும் புதிர் இதன் சாரம். 1978இல் ஜிம் கிரே அதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார்.

ஆகவே நல்ல நூலகம் பிழையோடு சேர்த்து இந்த ஒரு செய்தியைக் கட்டாயம் தர வேண்டும்: கோரிக்கை போகவில்லை என்பது உறுதியா, அல்லது போயிருக்கக்கூடுமா? லிப்கர்ல் தன் பிழை எண்களில் இதைப் பெரும்பாலும் பிரித்தே வைத்திருக்கிறது. பெயர் கிடைக்காவிட்டால் 6. இணைய முடியாவிட்டால் 7. எதிர்முனை எதுவும் அனுப்பாமல் மூடினால் 52. அனுப்பும்போது முறிந்தால் 55. பெறும்போது முறிந்தால் 56. ஆனால் காலவரம்பு கடந்தது என்பதற்கு உள்ள 28 மட்டும் எல்லாக் கட்டத்துக்கும் பொது. இணையும்போது நேரம் முடிந்ததா, பதிலுக்குக் காத்திருந்தபோதா என்பதை அந்த எண் சொல்லாது. கூடவே வரும் செய்தியையும் அளவிடப்பட்ட நேரங்களையும் பார்த்தே அறிய வேண்டும்.

உறுதியற்ற நிலையைப் போக்கும் வேலையை நெறிமுறையோ செயலியோதான் செய்ய முடியும். 2015இல் வந்த எச்டிடிபி 2 இதற்கு அழகான வழி ஒன்றைத் தந்தது. வழங்கி விடைபெறும்போது அனுப்பும் ‘கோஅவே’ என்னும் செய்தியில், தான் கையில் எடுத்த கடைசிக் கோரிக்கையின் எண்ணைக் குறிப்பிடும். அதற்கு மேற்பட்ட எண்ணுள்ள கோரிக்கைகளை அது தொடவில்லை. அவற்றை வேறு இணைப்பில் தயங்காமல் அனுப்பலாம். செயலி அளவில் உள்ள வழி, ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனி அடையாள எண் ஒன்றைச் செயலியே உருவாக்கிக் கோரிக்கையோடு அனுப்புவது. அதே எண் இரண்டாம் முறை வந்தால் வழங்கி மீண்டும் பணம் எடுக்காமல் முதல் முறையின் முடிவையே திருப்பிச் சொல்லும். மேலே கூறிய கோ நூலகமும் இத்தகைய அடையாள எண் கோரிக்கையின் தலைப்பில் இருப்பதைக் கண்டால், ‘போஸ்ட்’ கோரிக்கையாக இருந்தாலும் மறுமுயற்சிக்குத் தகுதியானது என்று ஏற்கும்.

காரணம் வழியில் தொலைந்து போவது

பிழையின் காரணம் கெர்னலிலிருந்து பயனர் கண்ணில் படும்வரை பல கைகள் மாறுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அது தொலையலாம். மூன்று இடங்கள் மிக வழக்கமானவை.

முதலாவது, காத்திராமல் இணையும் முறை. இணைக்கச் சொன்னதும் கெர்னல் ‘வேலை நடக்கிறது’ என்று உடனே திரும்பிவிடும். பின்னர் சாக்கெட் எழுதத்தக்க நிலைக்கு வந்துவிட்டது என அறிவிப்பு வரும். இணைப்பு வெற்றி பெற்றாலும் அந்த அறிவிப்பு வரும், தோற்றாலும் வரும். எது என்று அறிய சாக்கெட்டின் பிழைக் குறிப்பைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்காத நூலகம், தோற்ற இணைப்பை வென்றதாக எண்ணி முதல் எழுத்தை எழுதும்போது இடறும். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்ற தெளிவான காரணம் ‘எழுத முடியவில்லை’ என்று மாறிவிடும். இன்னொரு கண்ணியும் உண்டு: அந்தப் பிழைக் குறிப்பை ஒருமுறை படித்தால் கெர்னல் அதை அழித்துவிடும். பதிவேட்டில் எழுதுவதற்காக ஒருமுறையும் முடிவெடுப்பதற்காக மறுமுறையும் படித்தால், இரண்டாம் முறை ‘பிழை இல்லை’ என்றே விடை வரும்.

இரண்டாவது, சி மொழியின் ‘எர்நோ’ என்னும் பிழை மாறி. ஒரு பணி தோற்றதும் அதன் எண் இதில் இருக்கும். சாக்கெட்டை மூடுதல், பதிவேட்டில் எழுதுதல் என்று இடையில் எதைச் செய்தாலும் அந்த எண் மாறிவிடலாம். தோற்ற அடுத்த வரியிலேயே அதை வேறு மாறியில் எடுத்து வைத்துக்கொள்வதுதான் முறை. திருத்தம் ஒரே வரிதான். அந்த ஒரு வரி இல்லாததால் பிழைச்செய்தி முழுப் பொய்யாகிவிடும்.

மூன்றாவது, ஒரு பெயருக்குப் பல முகவரிகள் இருக்கும் நிலை. ஐபிவி6 முகவரி ஒன்றும் ஐபிவி4 முகவரி ஒன்றும் கிடைக்கின்றன. முதலாவதை அடைய வழியே இல்லை, இரண்டாவது மறுக்கிறது. இதில் எதைச் சொல்வது? பைத்தானின் சாக்கெட் நூலகம் இயல்பாகக் கடைசியாக நேர்ந்த பிழையையே எழுப்பும். முந்தையவை மறைந்துவிடும். 2022இல் வந்த பைத்தான் 3.11, கேட்டால் எல்லாப் பிழைகளையும் ஒரே கட்டாகத் தரும் வசதியைச் சேர்த்தது. 2017இல் வந்த ஆர்.எஃப்.சி 8305 பரிந்துரைப்பதுபோல, 250 மில்லிநொடி இடைவெளியில் பல முகவரிகளை ஏறத்தாழ ஒரே நேரத்தில் முயலும் நூலகங்களில் இது இன்னும் இன்றியமையாதது. அங்கே ‘கடைசிப் பிழை’ என்பது தற்செயலாக அமைவது.

மேலடுக்குகளும் காரணத்தைத் தொலைக்கின்றன. கீழிருந்து வந்த பிழையைப் பிடித்து, ‘கோரிக்கை தோற்றது’ என்ற தன் பிழையாக மாற்றி எறிவது பழைய வழக்கம். உரையை மட்டும் ஒட்டி அனுப்பினால் மனிதர் படிக்கலாம், நிரல் படிக்க முடியாது. எனவே பைத்தான் 3 ஒரு எக்செப்ஷனுக்குள் அதன் மூலத்தைக் கோத்து வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. கோ மொழியின் 1.13 பதிப்பு 2019இல் அதற்கு இணையான வசதியைத் தந்தது. 2012இல் வெளிவந்த பைத்தான் 3.3, அதுவரை சாக்கெட்டுக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று என்று சிதறிக் கிடந்த பிழை வகைகளை ஒரே குடும்பமாக்கி, ‘இணைப்பு மறுப்பு’, ‘இணைப்பு முறிவு’, ‘காலவரம்பு கடந்தது’ ஆகியவற்றுக்குத் தனிப் பெயர் கொடுத்தது. எண்களை மனப்பாடம் செய்யும் தேவை அதோடு பெரிதும் குறைந்தது.

வகைப்படுத்துவதிலும் எல்லை உண்டு. கோ நூலகத்தில் ஒரு பிழை ‘தற்காலிகமானதா’ என்று கேட்கும் வசதி இருந்தது. மறுமுயற்சி செய்யலாமா என்பதற்கு விடை கிடைத்துவிடும்போல் தோன்றும். ஆனால் ‘தற்காலிகம்’ என்பதற்குத் தெளிவான வரையறையே இல்லை என்று 2022இல் வந்த 1.18 பதிப்பில் அதைப் பயன்படுத்த வேண்டாம் என அறிவித்துவிட்டார்கள். நேர்மையான முடிவு. நடந்தது என்ன என்று சொல்வது நூலகத்தின் வேலை. எவ்வளவு நேரத்தில் சரியாகும் என்று சோதிடம் சொல்வது அதன் வேலை அல்ல.

பிழையே எழாத பிழை

மேற்சொன்ன எல்லாவற்றையும்விட ஆபத்தானது, முறிந்த இணைப்பை வெற்றியாக அறிவிப்பது. வழங்கி, பதிலின் நீளம் 1,000 பைட் என்று தலைப்பில் சொல்லிவிட்டு 600 பைட் அனுப்பியபின் இணைப்பு முறையாக மூடப்படுகிறது. படிக்கும் நூலகத்துக்கு 0 பைட் கிடைக்கிறது. தரவு முடிந்தது என்று எடுத்துக்கொண்டு 600 பைட்டைக் கொடுத்துவிடுகிறது. பதிவிறக்கிய கோப்பு பாதிதான் இருக்கிறது. பிழை எதுவும் இல்லை. யுஆர்எல்லிப்3 நூலகத்தில் சொன்ன நீளத்தையும் வந்த நீளத்தையும் ஒப்பிடும் வசதி முன்பே இருந்தாலும், அது இயல்பாக இயங்கத் தொடங்கியது 2023இல் வந்த 2.0 பதிப்பில்தான். லிப்கர்ல் இந்த நிலைக்கு 18 என்ற தனி எண்ணையே வைத்திருக்கிறது. நீளம் சொல்லாமல், இணைப்பை மூடுவதையே முடிவின் அடையாளமாகக் கொண்ட பழைய எச்டிடிபி 1.0 பாணிப் பதில்களில் இந்தச் சோதனைக்கு வழியே இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடக்கும்: வழங்கி சரியான பிழைச்செய்தியை அனுப்பியும் அது வந்து சேராது. பெரிய கோப்பொன்றைப் பதிவேற்றுகிறோம். பாதியிலேயே வழங்கி ‘கோப்பு மிகப் பெரியது’ என்ற 413 பதிலை அனுப்பிவிட்டு இணைப்பை மூடுகிறது. ஆனால் நாம் அனுப்பிய தரவில் படிக்கப்படாத மிச்சம் அதன் நினைவகத்தில் கிடக்கிறது. அந்த நிலையில் மூடினால் கெர்னல் ஃபின் அனுப்பாமல் ஆர்எஸ்டி அனுப்பும். அது வந்ததும் நம் பக்கக் கெர்னல், ஏற்கெனவே வந்து படிக்கப்படாமல் இருக்கும் 413 பதிலையும் தூக்கி எறிந்துவிடக்கூடும். பயனருக்குக் கிடைப்பது ‘இணைப்பு முறிந்தது’ மட்டும். பயனர் மறுபடி பதிவேற்றுவார். மறுபடி அதே கதி. இதற்கு எச்டிடிபி 1.1 விதிகள் சொல்லும் வழி, வழங்கி முதலில் தன் எழுதும் பக்கத்தை மட்டும் மூட வேண்டும். எதிர்முனை மூடும்வரை வருவதைப் படித்துக் கழித்துவிட்டு, அதன்பிறகே முழுமையாக மூட வேண்டும்.

காலவரம்புகள்

பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்கும் கோ மொழியின் எச்டிடிபி கிளையன்டுக்கும் நாம் குறிப்பிடாவிட்டால் மொத்தக் காலவரம்பு எதுவும் இல்லை. வழங்கி பதில் தராவிட்டால் நிரல் அப்படியே நின்றுவிடும். ஒரே ஒரு எண்ணைக் கொடுத்தாலும் போதாது. இணைவதற்குச் சில நொடிகளே தேவை. பெரிய கோப்பைப் பெறப் பல நிமிடம் ஆகலாம். எனவே இணைவதற்கு ஒன்று, அடுத்த பைட் வரக் காத்திருப்பதற்கு ஒன்று, முழு வேலைக்கும் ஒன்று எனப் பிரிப்பது நல்லது. ரிக்வெஸ்ட்ஸ் முதல் இரண்டை ஏற்கிறது, மூன்றாவதைத் தருவதில்லை. ஒவ்வொரு 9 நொடிக்கும் ஒரு பைட் அனுப்பும் வழங்கி, 10 நொடி வரம்பு வைத்த நிரலை நாள் முழுக்கக் காக்க வைக்க முடியும்.

சோதித்துப் பார்த்தல்

இத்தகைய திருத்தங்களை வேகமான உள்ளூர்ப் பிணையத்தில் ஓட்டிப் பார்த்து முடிவுக்கு வர முடியாது. அங்கே எதுவும் முறிவதில்லை. முறிவை நாமே உண்டாக்க வேண்டும். யாரும் கேட்காத போர்ட் எண்ணுக்கு இணைந்தால் ‘மறுப்பு’ கிடைக்கும். ஆவணங்களில் எடுத்துக்காட்டுக்கென ஒதுக்கப்பட்ட 192.0.2.1 போன்ற முகவரிக்கு இணைந்தால் பெரும்பாலும் காலவரம்பு கிடைக்கும். லினக்ஸில் வழங்கி நிரலை ‘ஸ்டாப்’ சைகை அனுப்பி உறைய வைத்தால் சுவையான நிலை ஒன்று உருவாகும்: நிரல் உறைந்திருந்தாலும் அதன் கெர்னல் கைகுலுக்கலை முடித்துவிடுவதால் இணைப்பு வெற்றி பெறும், பதில் மட்டும் வராது. இணையும் காலவரம்பும் படிக்கும் காலவரம்பும் தனித்தனியே வேலை செய்கின்றனவா என்று பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. நீளம் 1,000 என்று சொல்லி 600 மட்டும் அனுப்பும் சிறு வழங்கியையும், முதல் கோரிக்கைக்குப் பதில் தந்துவிட்டு ஒரு நொடியில் சத்தமில்லாமல் மூடும் இன்னொன்றையும் பத்துப் பதினைந்து வரிகளில் எழுதிவிடலாம். சாக்கெட்டின் ‘லிங்கர்’ நேரத்தை 0 ஆக்கி மூடினால் ஆர்எஸ்டி போகும். ஒவ்வொன்றுக்கும் நூலகம் தரும் பிழை வேறாக இருக்கிறதா, அதில் முகவரியும் போர்ட் எண்ணும் கட்டமும் மூலக் காரணமும் இருக்கின்றனவா, தோற்ற சாக்கெட் மூடப்பட்டதா அல்லது மீண்டும் இருப்புக்கே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் சொன்னதைப் பலர் சோதிப்பதில்லை. பாதி படித்த பதிலோடு இருப்புக்குத் திரும்பிய இணைப்பு, அடுத்த கோரிக்கைக்கு முந்தைய கோரிக்கையின் மிச்சப் பதிலைக் கொடுக்கும். ஒருவர் கேட்ட மதிப்பெண் பட்டியல் இன்னொருவர் திரையில் தோன்றுவது இப்படித்தான்.